அவள் ஏற்றிய ஊதுபத்தி

வீடு பார்க்கப் போன அன்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனேன். சாதாரணமாக நான் அப்படிப் பூசுகிறவள் இல்லை. பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் விடுதி நிரம்பிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். கல்லூரி அலுவலகத்தில் இருந்த அக்கா ஒருத்திதான், "டவுண்ல கோயிலுக்குப் பக்கத்துல ஒரு டீச்சர் வீடு இருக்கு. ரிட்டயர்டு ஆயிட்டாவ, மாடியில படிக்கிற பிள்ளைகள வச்சிக்கிடுவாவ. சைவ வீடு, பாத்துப் பேசு" என்று சொல்லி அனுப்பினாள். பார்த்துப் பேசுவது என்றால் எப்படி என்று நான் அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் நானே ஒரு முடிவுக்கு வந்து, ஜங்ஷனில் பஸ் மாறும்போது திருநீற்றுப் பொட்டலம் ஒன்று வாங்கி, ஒரு கடைக் கண்ணாடியில் பார்த்து மூன்று பட்டை போட்டுக்கொண்டேன்.

டீச்சர் வாசலில் நிற்கவைத்தே பேசினார். கணவர் இல்லை, ஒரே மகள் பெங்களூரில். கீழே அவர் மட்டும்தான். ஊர், படிப்பு, அப்பா வேலை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "கவுச்சி சாப்பிடுவியாம்மா?" என்றார்.

"கிடையாது டீச்சர். எங்க வீட்டுலயே அந்தப் பழக்கம் இல்ல."

பொய். அதுவும் சாதாரணப் பொய் இல்லை. மணிமுத்தாறு அணைக்கு மேலே, மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா செடிக்கு மருந்தடிக்கிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவள். மழை மாதங்களில் காய்கறி ஜீப் மேலே ஏறாது. அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும் கருவாடுதான் எங்களுக்குக் குழம்பும், தொட்டுக்கொள்ள வைக்கிறதும். கருவாடு தின்று வளர்ந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் அந்த வாசலில் நின்று, பழக்கம் இல்லை என்றேன். டீச்சர் என் நெற்றியைப் பார்த்தார், சாவியை எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு அந்த அறை கிடைத்தே ஆகவேண்டும். மலையிலிருந்து தினம் வந்து போவது நடக்காது. பஸ் இறங்கி வரவே அரை நாள் ஓடிவிடும். அதோடு எஸ்டேட்டின் குத்தகைக் காலம் முடியப் போகிறது, எல்லாரும் கீழே இறங்க வேண்டியதுதான் என்ற பேச்சு அந்த வருடம் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. அறை போனால் படிப்பு போகும். படிப்பு போனால் திரும்பிப் போக வீடு இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. இதைச் சொல்லி நான் செய்ததை நியாயப்படுத்தப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்த காலமும் உண்டு.

திருநெல்வேலியைப் பெரிய ஊர் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது மலைக்கவைக்கும் ஊர். முதல் வாரம் மின்விசிறியின் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. எங்கள் வீட்டில் விசிறியே கிடையாது, சித்திரையிலும் கம்பளி போர்த்துவோம். விசிறியை நிறுத்தினால் வேர்த்து ஊற்றியது, போட்டால் தலைக்கு மேலே ஏதோ கழன்று விழப்போகிற மாதிரி பயமாக இருந்தது. கல்லூரிப் புல்வெளியில் உட்கார்ந்து எழுந்ததும் மலைப் பழக்கத்தில் கணுக்காலைத் தடவி அட்டை கடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். வகுப்பில் இரண்டு பேர் அதைக் கவனித்துவிட்டு எனக்குச் சொறி என்று பேசிக்கொண்டார்கள். வண்ணாரப்பேட்டையில் ரோட்டைக் கடக்கத் தெரியாமல் இருபது நிமிடம் நின்றிருக்கிறேன். அம்மாவிடம் பேசலாம் என்றால் எஸ்டேட்டில் போன் எடுக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறை மேல் ஏறி நின்று கூப்பிடுவாள். அந்த ஒரு கூப்பாட்டுக்காக ஆறு நாள் காத்திருப்பேன்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு பெண் வந்தாள். காயல்பட்டினம். என் வகுப்புதான். வாப்பா சவுதியில். அவள் கீழே டீச்சரிடம் பேசியது மாடிப்படியில் நின்ற என் காதில் தெளிவாக விழுந்தது.

"நாங்க சாப்பிடுவோம் டீச்சர். ஆனா இந்த வீட்டுக்குள்ள கொண்டு வரமாட்டேன். வாக்குத் தாறேன்."

டீச்சர் சரி சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவளுடைய பெரியம்மா மகள் டீச்சரிடம் படித்தவளாம். அதை வைத்தோ என்னவோ, "நான் யாரையும் வித்தியாசமா பாக்கிறவ இல்லம்மா. அடுப்பு மட்டும் சுத்தமா இருக்கணும்" என்று சாவி கொடுத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லியும் அறை கிடைத்திருக்கும் போலிருக்கிறதே, அவ்வளவு திருநீற்றை வீணாக்கிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

ஊரை எனக்குப் பழக்கிவிட்டவள் அவள்தான். அவளும் புதுசுதான், ஆனால் பயமில்லாத புதுசு. வண்ணாரப்பேட்டையில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடப்பாள். "நீ காரைப் பாக்காத, என்னையப் பாத்து நட" என்பாள். வகுப்பில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல எழுந்து எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால், அவள் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மாடியில் எங்களுக்கென்று ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. அதில் சோறும் ரசமும் வைத்துச் சாப்பிட்டோம்.

கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றிய விதத்தைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். கடையில் கேக் வாங்கினால் உறையைத் திருப்பி முட்டை இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பாள். இருந்தால் கடை வாசலிலேயே தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைவாள். "ஒரு துண்டு கேக்ல டீச்சருக்கு என்ன தெரியப் போவுது?" என்று கேட்டேன் ஒருநாள். "சொல்லியாச்சுல்லா" என்றாள். டீச்சரும் எங்கள் இருவரிடமும் பிரியமாகத்தான் இருந்தார். கூட்டு, அவியல், ஏதாவது மிஞ்சினால் கொடுப்பார். எனக்கு அடுக்களை வாசலில் வைத்துக் கொடுப்பார், அவளுக்கு மாடிப்படியில். இதை நான் கவனித்தேன். அவளும் கவனித்திருப்பாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அம்மா ஒரு பார்சல் கொடுத்துவிட்டாள். மலைப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பி, நான் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டேன். ஒரு ஸ்வெட்டர், அதற்குள் சுருட்டி ஒரு டப்பா, டப்பாவைச் சுற்றி மூன்று பிளாஸ்டிக் கவர். திறக்காமலே தெரிந்துவிட்டது. சாளைக் கருவாடு. சைவ வீட்டில் இருக்கிறேன் என்று நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால், எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்பாள். "மழ பெய்யுதுல்லா, வாய்க்கு நல்லாருக்கும். பையப் பைய வச்சித் தின்னு" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பாறையிலிருந்து கத்தினாள். சரிம்மா என்றேன்.

தூக்கி எறிந்திருக்கலாம். வகுப்பில் யாருக்காவது கொடுத்திருக்கலாம். நான் அதை என் பெட்டிக்குள், ஆய்வக வெள்ளைக் கோட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஒரு வாரம் ஒளிந்தே இருந்தது. தினம் பெட்டியைத் திறந்து கோட்டை எடுக்கும்போது லேசாக ஒரு வாசம் வரும், எனக்கு வீட்டு ஞாபகம் பொத்துக்கொண்டு வரும், மூடிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு சஷ்டி விரத நாட்களில் ஒன்று. டீச்சர் ஆறு நாளும் விரதம். காலையிலேயே சொந்தக்காரர்களோடு திருச்செந்தூர் கிளம்பினார். வர ராத்திரி ஆகும் என்றார். கூட இருந்தவள் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவாள். வெளியே மழை அடித்து ஊற்றுகிறது. வீட்டில் நான் ஒருத்தி. மத்தியானம் சோறு வடித்தேன். வடித்துவிட்டு, என்ன துணிச்சலோ, கதவைச் சாத்திக்கொண்டு நாலு சாளையை நல்லெண்ணெயில் பொரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு ருசி. முள்ளைக்கூட விடாமல் மென்றேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபோதுதான் வாசம் அறையோடு நிற்கவில்லை, மாடிப்படி வழியாகக் கீழே வரைக்கும் போயிருக்கிறது என்பது உறைத்தது. மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது வேறு. நாலு ஜன்னலையும் திறந்து வைத்தேன். ராத்திரிக்குள் போய்விடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.

நாலரை மணி வாக்கில் அவள் வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கூடையை வாசலருகே இறக்கி வைத்தவள் அப்படியே நின்றாள். கடற்கரை ஊர்க்காரி, மூக்கிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"சாளையா?"

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏட்டி, அவங்க விரதம்ல இருக்காங்க. வந்தா என்ன ஆவும்?"

"ராத்திரிதான் வருவாவ."

அவள் திட்டவில்லை. நீ சாப்பிடமாட்டேன்னுதானே சொன்னாய் என்று கேட்கவும் இல்லை. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் கழுவிவைத்த சட்டியைப் புளி போட்டு மறுபடி தேய்த்தாள். விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். மாடிப்படியில் தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். தன் அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்து நாலைந்தை மொத்தமாகக் கொளுத்திக்கொண்டு மூலைக்கு மூலை காட்டினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்த அசிங்கத்தை அவள் துடைக்கிறாள், எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அப்போது கீழே ஆட்டோ வந்து நின்றது. கோயிலில் கூட்டம் தாங்காமல் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு டீச்சர் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

நேராக மாடிக்கு வந்தார். கையில் இலை விபூதிப் பொட்டலம் இருந்தது, எங்களுக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினார். அவர் பார்வை முதலில் வாசலருகே இருந்த கூடைக்குப் போனது. பிறகு அவள் கையிலிருந்த ஊதுபத்திக்குப் போனது. என் பக்கம் வரவே இல்லை.

"வாக்குக் குடுத்தியேம்மா" என்றார். சத்தம் போடவில்லை. "சஷ்டியும் அதுவுமா."

"டீச்சர்…" என்றாள் அவள். அதற்கு மேல் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"பத்திய வேற கொளுத்தி மறைக்க. ஒன்னைய நம்பித்தான விட்டேன்."

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேச வேண்டிய இடம் அதுதான். 'நான்தான் டீச்சர்', இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லும் தொண்டை வரைக்கும் வந்தன என்று எழுதினால் அதுவும் பொய். வரவில்லை. சாவியைக் கேட்டு வாங்கிவிடுவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் எங்கே போவது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ இங்கனதான இருந்த? ஒனக்குமா தெரியல?"

"எனக்குச் சளி டீச்சர். வாசமே தெரியல" என்றேன்.

இதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது. சும்மா இருந்திருந்தால்கூடப் பயந்துபோய் வாயடைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் மூக்கை வேறு உறிஞ்சிக் காட்டினேன்.

டீச்சர் அவளிடம், "நாளைக்கே போன்னு சொல்லல. இந்த வாரத்துக்குள்ள வேற எடம் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். இலை விபூதியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் ஊதுபத்திகளைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நான் அவள் பின்னால் போய் நின்று, "நான் சொல்லிருதேன். நாளைக்குக் கண்டிப்பா சொல்லிருதேன்" என்றேன்.

"சரி" என்றாள்.

நம்பினாள். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. மறுநாள் காலையில் கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்தாள். விரதம் முடியட்டும், விரதத்தில் இருக்கிறவரிடம் எப்படிப் பேசுவது என்றேன். சூரசம்ஹாரம் முடிந்தது. பெங்களூரிலிருந்து மகள் வந்திருக்கிறாள், அவள் முன்னால் எப்படி என்றேன். மகளும் போனாள். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். இடையில் எப்போதாவது அவள் கீழே இறங்கிப் போய் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் சொல்லவில்லை.

கூட்டிக்கொண்டு போக அவளுடைய உம்மா வந்தார். டீச்சர் காப்பி போட்டுக் கொடுத்தார், உம்மாவும் மரியாதைக்குக் குடித்தார். யாரும் யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அவள் வீட்டில் என்ன காரணம் சொன்னாளோ தெரியாது, உம்மா என் கன்னத்தைத் தடவி, "நீ கூட இருக்கன்னுதாம்மா இவளத் தைரியமா விட்டிருந்தோம். நல்லா படி" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவள் பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்து இறக்கினேன்.

நடு வருடத்தில் வேறு நல்ல இடம் அமையவில்லை. அவள் காயல்பட்டினத்திலிருந்து தினமும் ரயிலில் வர ஆரம்பித்தாள். விடிகிறதற்குள் எழுந்து கிளம்பி, பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து நடை. சாயங்காலம் அதே மாதிரி. முதல் வகுப்புக்குப் பாதி நாள் பிந்தி வருவாள், மத்தியானம் உட்கார்ந்தபடியே கண் செருகும். நான் அவளுக்குக் குறிப்பு எடுத்துக் கொடுத்தேன். எழுத்து எழுத்தாக அழகாக எழுதிக் கொடுப்பேன். வாங்கிக்கொள்வாள், தேங்க்ஸ் என்பாள். அறையில் இருந்தபோது அவள் என்னிடம் தேங்க்ஸ் சொன்னதே கிடையாது.

வீட்டில் என் மதிப்பு ஏறிவிட்டது. டீச்சர் என்னை அடுக்களைக்குள்ளேயே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொதியும் இஞ்சித் துவையலும் போடுவார். பக்கத்து வீட்டு மாமியிடம், "சத்தம் போட்டு ஒரு பேச்சு கிடையாது. பிள்ளைனா இப்படில்லா இருக்கணும்" என்றார் ஒருநாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. நான் துவையலை வழித்துச் சாப்பிட்டேன். டப்பாவில் மிச்சமிருந்த கருவாட்டை ஒரு விடிகாலை எடுத்துப் போய்ப் பஸ் ஸ்டாண்டு குப்பைத் தொட்டியில் போட்டேன். அம்மா கேட்டபோது, நல்லா இருந்துச்சும்மா என்றேன்.

வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு. அன்றைக்கென்று கோடை மழை கொட்டியதில் அவள் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது. எல்லாரும் உப்பைச் சோதித்துப் பாதி முடித்தபோது, முழங்கால் வரைக்கும் நனைந்து அவள் உள்ளே ஓடிவந்தாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் செய்வதைச் செய் என்றார். ஈரக் கையோடு அவள் சோதனைக் குழாயைப் பிடித்திருந்ததை எதிர் மேசையிலிருந்து பார்த்தேன். முடிக்க முடியவில்லை. ஆய்வகத்தில் எங்கள் வகுப்பிலேயே கை சுத்தமானவள் அவள். நான் முடித்து, எல்லா விடையும் சரியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வராந்தாவில் அவள் சுவரில் சாய்ந்து நின்று துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆறு மாதமாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நீயே ஏன் சொல்லல? பொரிச்சது இவதான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

கேட்ட விதத்திலேயே குற்றத்தில் பாதியை அவள் தலையில் தள்ளப் பார்த்தேன். அது அவளுக்கும் புரிந்திருக்கும்.

"நான் சொன்னா நம்பியிருப்பாங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்கிற மாதிரி கேட்டாள். "தப்பு செஞ்சதும் இல்லாம அடுத்தவ மேல பழி போடுதாள்னு அதையும் சேத்துல்ல சொல்லியிருப்பாங்க. நீ சொன்னா மட்டும்தான் நம்புவாங்க."

என்னால் தலையைத் தூக்கமுடியவில்லை. நான் வாயைத் திறக்காததுதான் என் தப்பு என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். பேசினால் எடுபடக்கூடிய ஒரே வாய் என்னுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்தத் தைரியத்தில் ஆறு மாதம் பேசாமல் இருந்தேனோ, அந்தத் தைரியமே அதனால்தான் வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் டீச்சர் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போய் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாப்பிடமாட்டேன் என்று முதல் நாள் சொன்னது, பார்சல், சாளை, சளி, எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

டீச்சர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தார்.

"மழைக்கு வாய்க்கு ருசியா தேடியிருக்கும். சின்னப் பிள்ளதான" என்றார். "சரி, விடு. இனிமே இங்கன கொண்டு வராத."

நான் காத்திருந்தேன். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ள இப்ப எப்படி வருது?"

"ரயில்ல டீச்சர். தினமும்."

"நல்லது. வீட்டுச் சாப்பாடாவது கெடைக்கும்லா." கீரைத் தட்டை நகர்த்திவைத்தார். "இத யார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. போயிப் படி, நாளைக்குப் பரீச்சல்லா."

அவளை வீட்டைவிட்டு அனுப்பிய அதே குற்றம், அதோடு இரண்டு பொய்யும் சேர்ந்து, எனக்கு ஒரு தட்டுக் கீரை ஆய்வதற்குள் முடிந்துபோனது. அப்படியானால் அவளைத் திரும்பக் கூப்பிடலாமே டீச்சர் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க நினைத்தேன். அவர் மனசு மாறி, அதுவும் சரிதான், அவள் வரட்டும், நீ வேறு இடம் பார் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்ப் படித்தேன். நன்றாகவே படித்தேன். மனசு லேசாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் அவளைத் தேடிப் போனேன். ஏதோ பரிசு கொண்டுபோகிற மாதிரிதான் போனேன்.

"டீச்சர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். "நெசமாவா? என்ன சொன்னாங்க?"

"இனிமே கொண்டு வராதன்னாவ."

அவளும் காத்திருந்தாள், நேற்று நான் காத்திருந்த மாதிரியே.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் திரும்ப வரட்டுமான்னு கேட்டியா?"

நான் கையிலிருந்த கேள்வித்தாளை மடித்தேன். அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

இரண்டாம் வருடமும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். டீச்சர் வேறு யாரையும் சேர்க்கவில்லை. அவள் படுத்திருந்த கட்டிலில் என் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டேன்.